தரத்தின் விலையைச் சுமப்பவர் யார்?

தரம் என்பது தமிழில் பழைய சொல். சோழர் காலத்து நிலவரிக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அதனை அங்கே சந்தித்திருப்பார்கள். விளைச்சலைப் பார்த்து நிலத்துக்குத் தரமிட்டார்கள். தரத்துக்கு ஏற்ப வரியை விதித்தார்கள். தரமிடப்படாத நிலத்தைத் 'தரமிலி' என்று குறித்தார்கள். தரமிடுகிறவன் ஒருவன், அதன் பொருட்டுக் கொடுக்கிறவன் வேறொருவன் என்ற உறவு அச்சொல்லுக்குள் அன்றே குடியிருந்தது.

இலங்கையில் ஆசிரியத் தொழில் புரியும் எங்களுக்கு இச்சொல் இன்றி ஒரு நாளும் கழியாது. வகுப்புக்குப் பெயரே தரம். பதினோராம் தரத்தில் எழுதுவது சாதாரண தரப் பரீட்சை. அதைத் தாண்டியவர்கள் போய்ச் சேருவது உயர்தரம். பதுளையில் நான் கற்பிக்கும் பாடசாலையின் சாளரத்தைத் திறந்தால் எதிரே தெரியும் மலைச்சரிவெல்லாம் தேயிலை. அங்கேயும் காலை முதல் மாலை வரை தரம்தான் பேச்சு. கொழுந்தின் தரம், தேயிலையின் தரம், ஏலத்தில் கிடைத்த விலைக்குக் காரணமான தரம். ஆனால், தரத்தைப் பேணுவதற்கு ஆகும் செலவு எவ்வளவு, அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் அரிதாகவே எழுகிறது.

அக்கேள்வியை என்னிடம் எழுப்பியவள் உயர்தர வணிகப் பிரிவு மாணவி ஒருத்தி. வணிகக் கல்வி கற்பிக்கும் நண்பர் விடுமுறையில் இருந்த ஒருநாள், அவருடைய பாடவேளைக்கு என்னை அனுப்பினார்கள். நான் தமிழாசிரியன். கரும்பலகையில் முந்தின நாட் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது. 'தரச் செலவு' என்ற தலைப்பின் கீழ்த் தடுப்புச் செலவு, மதிப்பீட்டுச் செலவு, உள்ளகத் தோல்விச் செலவு, வெளியகத் தோல்விச் செலவு என்று நான்கு வரிகள். அவற்றை நான் வாய்விட்டுப் படித்து முடிக்கவும் பின்வரிசையில் இருந்த அந்தப் பெண் எழுந்தாள்.

"சேர், எங்க அம்மாவோட கொழுந்துல தினம் ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. அது இந்த நாலுல எதுல சேரும்?"

வகுப்பு சிரிக்கவில்லை. அங்கிருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த இரண்டு கிலோவை நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம் என்று அவர்களிடம் சொன்னேன். வணிகம் கற்ற நண்பரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போட்டுப் பார்த்த கணக்கே இக்கட்டுரை.

முதலில், கரும்பலகையில் இருந்த நான்கு வரிகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பெருந்தொழில்கள் கோடிக்கணக்கில் பண்டங்களைச் செய்து குவித்தபோது, பழுதுபட்ட பண்டமும் மலையாகக் குவிந்தது. பழுது என்பது பொறியியலாளரின் கவலை மட்டுமன்று, அது பணக் கணக்கு என்று 1951 இல் தமது தரக் கட்டுப்பாட்டுக் கைநூலில் எடுத்துக் காட்டினார் ஜோசப் ஜூரான். தவிர்க்கக்கூடிய பழுதுக்கு ஆகும் செலவு, தோண்டி எடுப்பார் இன்றிச் சுரங்கத்தில் கிடக்கும் பொன் போன்றது என்பது அவர் கருத்து. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் பணியாற்றிய ஆர்மண்ட் ஃபீகன்பாம் 1956 இல் அச்செலவைத் தடுப்பு, மதிப்பீடு, தோல்வி என வகை பிரித்தார். பழுது வராமல் முன்கூட்டியே செய்யும் செலவு தடுப்புச் செலவு. வந்திருக்கிறதா என்று சோதிக்கும் செலவு மதிப்பீட்டுச் செலவு. வந்துவிட்ட பழுதினால் ஏற்படும் இழப்பு தோல்விச் செலவு. அது தொழிற்சாலைக்குள் பிடிபட்டால் உள்ளகம், வாங்கியவன் கையில் போய்ச் சேர்ந்த பின் தெரிந்தால் வெளியகம். தடுப்பில் ஒரு ரூபா செலவிட்டால் தோல்வியில் பல ரூபா மிச்சமாகும் என்பதே இவ்வகுப்பின் சாரம். 1979 இல் ஃபிலிப் குரொஸ்பி என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய், தரத்துக்குச் செலவே இல்லை, தரமின்மைக்குத்தான் செலவு என்று ஒரு நூலே எழுதினார்.

நல்ல கல்விதான். இனி இந்த நான்கு வரிகளையும் எடுத்துக்கொண்டு எங்கள் மலைக்குள் நுழைவோம்.

ஊவாத் தேயிலையின் புகழுக்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மத்திய மலைத்தொடரின் மேற்குப் புறத்தில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. நாம் கச்சான் என்கிறோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை மலைகளில் அது வீசுகிறபோது தேயிலைச் செடி தாகத்தில் வாடுகிறது. வளர்ச்சி மந்தமாகிறது. அந்த வாட்டத்தில்தான் இலைக்குள் மணப் பொருள்கள் திரள்கின்றன. மெதைல் சலிசிலேற்று என்ற பொருள் அவற்றுள் முக்கியமானது. கோப்பையில் புதினாவை ஒத்த குளிர்ச்சியும் காரமும் தருவது அதுவே. உலகின் வேறு இடங்களில் எளிதில் கிடைக்காத இந்த மணத்துக்காக வாங்குவோர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இந்த மூன்று மாதங்களை வணிகர்கள் தரப் பருவம் என்று அழைக்கிறார்கள்.

அதே மூன்று மாதங்களுக்கு லயங்களில் வேறு பெயர். கொழுந்து இல்லாத காலம் என்பார்கள். செடி வளரவில்லை என்றால் கொழுந்து விடவில்லை. விட்ட கொழுந்தும் சிறியது, எடை குறைந்தது. தேயிலைக்கு எந்த வாட்டம் மணத்தைக் கொடுக்கிறதோ அதே வாட்டம் பறிப்பவளின் கூடையைக் காலியாக்குகிறது. இது இயற்கையின் செயல். ஆனால், அந்தக் கூடையின் எடையை வைத்து நாட்சம்பளத்தைத் தீர்மானிப்பது இயற்கையின் செயல் அன்று.

வகுப்பில் ஒரு சிறு கணக்குப் போட்டோம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து ஒரு கிராம் நிறுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 18 கிலோ பறிக்க வேண்டுமென்றால் 18,000 கொழுந்துகள். கச்சான் காலத்தில் அக்கொழுந்து முக்கால் கிராமாகச் சுருங்குமானால் அதே 18 கிலோவுக்கு 24,000 கொழுந்துகள் வேண்டும். மேலதிகமாக 6,000 முறை விரல் மடங்க வேண்டும்; அதுவும் கொழுந்து அடர்த்தியாக நிற்காத செடிகளுக்கிடையில், ஒரு செடியில் கிடைக்காததை நான்கு செடிகளில் தேடியலைந்து. இந்த 6,000 மடங்கல்களும் தரத்தின் செலவு அல்லவா? தடுப்பா, மதிப்பீடா, தோல்வியா? நான்கு வரிகளில் அதற்கு இடம் இல்லை. காரணம் வெளிப்படை. கம்பனி அச்செலவைக் கொடுக்கவில்லை. கொடுக்காத செலவைக் கணக்கேட்டில் எழுதும் வழக்கம் உலகில் இல்லை.

என் தாயார் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். தலைக்கயிறு அழுந்தி அழுந்தி உச்சியில் ஒரு கோடாக மயிர் உதிர்ந்திருக்கும். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துப் பால் கறுத்து வெடிப்புகளுக்குள் ஏறியிருக்கும்; கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தும் அது போகாது. அவருக்குத் தரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. முற்றிய இலையைக் கூடையில் போட்டால் தொழிற்சாலையில் அது சரியாக உருளாது, தேயிலையில் செந்நிற நாராகத் தெரியும் என்று அவர் அறிவார். கூடைக்குள் கொழுந்தை அழுத்தி அடைத்தால் சூடேறிச் சிவந்து கெட்டுவிடும் என்று அறிவார். மட்டக்கம்பைச் செடியின்மேல் வைத்து, அதற்கு மேலே நிற்பதை மட்டும் கிள்ளி, அடுத்த சுற்றுக்கு வேண்டியதை விட்டுவைக்கவும் அறிவார். பாடநூல் தடுப்புச் செலவு என்று சொல்வதில் பெரும்பகுதி அவருடைய விரல்களில் இருந்தது.

ஒரு நாளில் மூன்று முறை கொழுந்து நிறுப்பார்கள். நிறுத்த பின் கூடைக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம், முற்றல் இலைக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள். காலையில் பனி என்பார்கள். மழை நாளில் தண்ணீர் என்பார்கள். கச்சான் காலத்தில் பனியும் இல்லை, மழையும் இல்லை, ஆயினும் கழிப்பு இருக்கும். நிறை சேராத நாளுக்கு அரைப்பேர். அதாவது, முழு நாளும் மலையில் நின்றவருக்கு அரை நாட் சம்பளம். அம்மா பேர்ச்சீட்டைக் கையில் வாங்கி, எழுத்தறியாத கண்களால் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகுவார். அந்தக் காகிதத்தில் கழித்த கிலோ எங்கும் எழுதப்பட்டிராது. கழித்த பின் எஞ்சியது மட்டும் இருக்கும். இப்போது பல தோட்டங்களில் மின்தராசு வந்துவிட்டது. தராசு பொய் சொல்வதில்லை. ஆனால், தராசு சொல்லி முடித்த பிறகு கழிக்க வேண்டிய எண் ஒரு மனிதரின் வாயிலிருந்தே வருகிறது.

அந்த இரண்டு கிலோவின் கதை அதோடு முடியவில்லை. அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலையாகிறது. நாளொன்றுக்கு 2 கிலோ வீதம் மாதத்தில் 25 நாட்கள் கழித்தால் 50 கிலோ. அதில் பாதி உண்மையாகவே கூடையும் ஈரமும் முற்றலும்தான் என்று கம்பனியின் பக்கம் நின்றே ஒப்புக்கொள்வோம். மீதி 25 கிலோ நல்ல கொழுந்து ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ தேயிலையாகும். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் கொழும்பு ஏலத்தின் ஆண்டுச் சராசரி விலை கிலோவுக்கு 1100 ரூபாவுக்கு மேலாகவே இருந்தது. ஆக, ஒரு தொழிலாளியிடமிருந்து மாதம் 6000 ரூபாவுக்கு மேற்பட்ட தேயிலை, பெயரில்லாமல் தொழிற்சாலைக்குள் போகிறது. நூறு பேர் பறிக்கும் தோட்டத்தில் இது மாதம் 6 இலட்சம் ரூபா. பதிவில் ஏறாத கொழுந்து தேயிலையாக வெளிவரும்போது, குறைந்த கொழுந்தில் கூடுதல் தேயிலை செய்த திறமை என்று அது தொழிற்சாலையின் பேருக்கு வரவாகிறது. மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அந்தக் கழிப்பில் உண்மையான ஈரமும் முற்றலும் போக எஞ்சுவது நான்கு வகைச் செலவுகளில் எதிலும் சேராது. அது செலவே அன்று, ஒருவரின் வரவு.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட ஆண்டு 1867. அதே 1867 இல்தான் ஜெர்மனியில் மார்க்ஸின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. துண்டுக் கூலியைப் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் ஒன்றை விளக்குகிறார். துண்டுக் கூலி முறையில் வேலையின் தரத்தை வேலையே காட்டிக் கொடுக்கிறது. சராசரித் தரம் இருந்தால்தான் முழுக் கூலி. ஆகவே, தரத்தைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைப்பதற்கு இதைவிட வசதியான வழி முதலாளிக்கு வேறில்லை. நாட்சம்பளம் என்று பெயரிட்டு, நிறை என்ற அளவுகோலால் அதைத் துண்டுக் கூலியாக்கி வைத்திருக்கும் நமது தோட்டங்களுக்கு அது இன்றும் பொருந்துகிறது.

மறுபுறத்தில், கோப்பையின் தரத்தை அளப்பதில் உலகம் காட்டும் நுணுக்கத்தைப் பாருங்கள். தேயிலையைச் சுவைத்துச் சோதிப்பதற்கென்று சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1980 இல் ஒரு முறையை வெளியிட்டது. நூறு மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறவைக்கும் நேரம் 6 நிமிடம். கோப்பை வெண்பீங்கானாகவோ மெருகிட்ட மட்பாண்டமாகவோ இருக்க வேண்டும். 1883 முதல் நடைபெற்று வரும் கொழும்பு ஏலத்துக்கு முன்பாகச் சுவைஞர்கள் வரிசையாகக் கோப்பைகளை உறிஞ்சித் துப்பி, ஒவ்வொரு தோட்டத்து மார்க்குக்கும் மதிப்பிடுகிறார்கள். 1890 இல் ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்ன முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், நிறுத்துக் கட்டிய பொட்டலங்களில் தேயிலையை விற்றுப் பெரும் பணக்காரரானார். வாங்குகிறவனுக்கு எடை குறையக் கூடாது என்பதில் வணிகம் கண்ணும் கருத்துமாக இருந்தது. கோப்பைக்கு 2 கிராம் என்று எழுதி வைத்த உலகில், கூடைக்கு 2 கிலோ என்பது மட்டும் எழுதப்படாத சட்டமாக நிலைத்துவிட்டது.

சரி, உயர்ந்த தரத்தினால் உயர்ந்த விலை கிடைக்கும்போது அதில் பறித்தவருக்குப் பங்கு உண்டா? ஒரு காலத்தில் உண்டு என்று சொல்லப்பட்டது. கூட்டு ஒப்பந்தங்களில் 'விலைப் பங்கு' என்ற பெயரில் ஒரு தொகை இருந்தது. 2013 இல் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. விலைப் பங்கு 30 ரூபா. 2016 இல் அடிப்படை 500 ரூபா. விலைப் பங்கு அதே 30 ரூபா. 2019 இல் அடிப்படை 700 ரூபா. விலைப் பங்கு 50 ரூபா. தேயிலையின் விலை ஏலத்துக்கு ஏலம் மாறுகிறது. அதன் பங்கோ மாறாத எண். விலையோடு அசையாத ஒன்றை விலைப் பங்கு என்று எப்படி அழைத்தார்கள் என்பது தமிழ் படித்த எனக்கு விளங்கவில்லை. 2021 இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக அடிப்படை 900, வரவு செலவுப் படி 100 என ஆயிரம் ரூபா வந்தபோது, அந்தப் பெயரும் பட்டியலிலிருந்து மறைந்தது. பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய நிறையோ கூடிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1350 ரூபாவாயிற்று. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1550 ரூபாவும், அரசு கொடுக்கும் வருகை ஊக்கத் தொகையாக 200 ரூபாவும் என்று முன்மொழிந்தது. இந்தப் பட்டியலை மீண்டும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். வருகைக்குத் தொகை இருந்திருக்கிறது. நிறைக்குத் தொகை இருந்திருக்கிறது. தரத்துக்கு என்று ஒரு சதமும் இல்லை. தரம் என்ற சொல் தொழிலாளியின் கணக்கில் கழித்தல் குறியோடு மட்டுமே தோன்றுகிறது.

கம்பனிகளின் பக்கத்து வாதத்தையும் கேட்பதே நேர்மை. உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தொழிலாளர் செலவு என்கிறார்கள். உரமும் எரிபொருளும் மின்சாரமும் விலை ஏறின என்கிறார்கள். கென்யா குறைந்த செலவில் அதிகத் தேயிலை செய்கிறது என்கிறார்கள். முற்றல் இலை வந்தால் தேயிலையின் விலை விழுகிறது என்கிறார்கள். இவற்றில் பொய் என்று தள்ளத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால், முற்றல் இலை ஏன் வருகிறது? கொழுந்து எடுக்கும் சுற்று ஏழெட்டு நாட்களுக்கு ஒரு முறை ஒரே மலைக்குத் திரும்பி வர வேண்டும். ஆட்கள் போதாமல் சுற்று தள்ளிப் போனால் இலை முற்றத்தான் செய்யும். ஆட்கள் ஏன் போதவில்லை? அந்தச் சம்பளத்தில் வாழ முடியாமல் இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். காலத்தில் கவ்வாத்து வெட்டாவிட்டால், செத்த செடி நின்ற இடத்தில் புதுக்கன்று நடாவிட்டால் கொழுந்து குறையத்தான் செய்யும். இவற்றில் எதையும் தீர்மானிப்பவள் கூடை சுமக்கிறவள் அல்லள்.

இவ்விடத்தில் ஜூரானையே சாட்சிக்கு அழைக்கலாம். அவர் பொதுவுடைமைக்காரர் அல்லர். பெருங்கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்லி வாழ்ந்தவர். ஒரு தொழிலில் நேரும் பழுதுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நிருவாகத்தின் கையில் இருப்பவை. தொழிலாளியால் தவிர்க்கக்கூடியவை எஞ்சிய சிறுபகுதியே என்று அவர் அடித்துச் சொன்னார். 1950 இல் ஜப்பானுக்குச் சென்று பாடம் நடத்திய எட்வர்ட்ஸ் டெமிங்கின் கருத்தும் இதையே ஒத்தது. தொழிலாளியை விரட்டித் தரத்தை உயர்த்த முடியாது. அவர் வேலை செய்யும் முறையைத் திருத்த வேண்டும் என்பது அவர் வாதம். முதலாளித்துவ உலகம் தனக்குள்ளேயே கண்டறிந்த இந்த உண்மையைக்கூட நமது தோட்டங்கள் இன்னும் படித்து முடிக்கவில்லை.

அண்மைக் காலத்தில் நாம் கண்ட பெரிய தோல்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 இல் கிளைபோசேற்றுக் களைநாசினி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அதற்கு ஈடாகக் களை பிடுங்க ஆட்கள் வைக்கப்படவில்லை. இடுப்பளவு புல்லுக்குள் அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே பெண்கள் கொழுந்து பறித்தார்கள். மாற்றாக அடித்த வேறு களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் ஆட்சேபித்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை நீக்கப்பட்டது. 2017 டிசம்பரில் ஏற்றுமதிப் பொதி ஒன்றில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தது, நாடே நடுங்கிற்று. 2021 இல் இரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை வந்தது. அந்த ஆண்டு ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. இத்தோல்விகளில் எந்த ஒன்றையும் கொழுந்து பறித்தவர் செய்யவில்லை. ஆனால், உரமில்லாத செடியில் கொழுந்து குறைந்தபோது நிறை சேராமல் அரைப்பேர் வாங்கியவர் அவர்தாம். வெளியகத் தோல்விச் செலவு என்று பாடநூல் எழுதுவதன் ஒரு பங்கு, நூற்றைம்பது ஆண்டுப் பழைய லயத்து அடுப்பில் ஒரு வேளை உலை ஏறாமற் போனதாக முடிகிறது.

ஆகவே, தரச் செலவை அளக்க வேண்டாம் என்பது என் வாதம் அன்று. இன்னும் ஒழுங்காக அளக்க வேண்டும் என்பதே. நான்கு வரிகளுக்குக் கீழே ஐந்தாவது வரி ஒன்று எழுதப்பட வேண்டும்: தொழிலாளி மீது ஏற்றப்பட்ட செலவு. அதை எழுதத் தொடங்கினால் செய்ய வேண்டியவை தாமாகவே தெரியும். கழிக்கும் ஒவ்வொரு கிலோவும் காரணத்தோடு பேர்ச்சீட்டில் பதியப்பட வேண்டும். காரணம் எழுத முடியாத கழிப்பு நிறுத்தப்பட வேண்டும். கச்சான் மாதங்களில் பறிக்க வேண்டிய நிறையை, மலையில் நிற்கும் கொழுந்தைத் தொழிலாளரின் பிரதிநிதிகளோடு சேர்ந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தோட்டத்து மார்க்குக்கு அந்த வாரம் ஏலத்தில் கிடைத்த விலை பிரட்டுக்களத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். விலைப் பங்கு என்ற பெயரில் மீண்டும் ஒன்று வருமானால் அது அந்த விலையோடு ஏறி இறங்க வேண்டும். வேளைக்குக் கவ்வாத்து, பட்டுப்போன செடிக்குப் புதுக்கன்று, வழுக்காத படிக்கட்டு, மழைக்கு ஒதுங்க ஒரு மடுவம் ஆகியவற்றுக்குச் செலவிடுவதைத் தயவு என்று சொல்லக் கூடாது. பாடநூலின் மொழியில் அதுவே தடுப்புச் செலவு.

இவை பெரிய புரட்சியல்ல என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். நிலம் யாருடையது, இலாபம் யாருடையது என்ற பெருங்கேள்விகள் அப்படியே இருக்கின்றன. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992 இல் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டபோதும் மலையில் பலகை மாறியது. தராசடியில் நின்றவர்களின் நிலை மாறவில்லை. தன் உழைப்பின் அளவைத் தன் கண்ணால் படித்துத் தன் வாயால் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறை இல்லாமல் அந்தப் பெருங்கேள்விகளுக்கும் விடை கிடைக்காது என்பது என் எண்ணம். தொழிற்சங்கங்கள் சம்பள எண்ணுக்காகப் போராடியிருக்கின்றன. கழிக்கப்படும் கிலோவுக்காகவும் அதே ஊக்கத்தோடு போராட வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு வேலை உண்டு. தோட்டப் பாடசாலையில் கணக்குப் பாடம் நடத்தும் நண்பர்கள் மாம்பழ வியாபாரியையும் நீர்த்தொட்டியையும் ஒரு வாரம் ஓய்வில் விடட்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து பேர்ச்சீட்டுகளைக் கொண்டு வரட்டும். சராசரி காணவும், வீதம் காணவும், கழித்தலைச் சரிபார்க்கவும் அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. வணிகக் கல்வி கற்பிக்கிறவர்கள் தரச் செலவு என்ற பாடத்தை நடத்தும்போது ஜப்பானிய மோட்டார் வண்டியோடு நிறுத்திவிடாமல், சாளரத்துக்கு வெளியே தெரியும் மலையையும் உதாரணமாக எடுக்கட்டும். எங்கள் பாடசாலையில் அதைத் தொடங்கியிருக்கிறோம். மாணவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய்மாரைக் கேட்டு, நிறுத்த கிலோ ஒரு பத்தியிலும் பதிந்த கிலோ மறு பத்தியிலுமாக ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள். மூன்றாவது பத்திக்கு என்ன தலைப்பு இடுவது என்று அவர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. தலைப்பை அவர்களே முடிவு செய்யட்டும். கொப்பி நிரம்பிய பின் அதை எங்கே கொண்டு போய்க் காட்டுவது என்பதைப் பெரியவர்களாகிய நாம் முடிவு செய்வோம்.